கூடையில் போட்டாச்சு... ஆனா வாங்கலையே! இணையக் கடைகளில் ஏன் இப்படி?

தீபாவளிக்கு இன்னும் 3 வாரம். இரவு 12 மணி. இன்ஸ்டகிராமில் பார்த்த குர்தா பிடித்துப்போய்க் கடையின் இணையப்பக்கத்துக்குப் போகிறீர்கள். அளவைத் தேர்ந்தெடுத்தாச்சு. கூடையில் போட்டாச்சு. பணம் கட்டும் பக்கம் வந்ததும், 'சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று திறன்பேசியை வைத்துவிடுகிறீர்கள்.

அந்த 'நாளை' பல நேரங்களில் வருவதே இல்லை.

இணைய வணிகத்தில் இதைக் 'கைவிடப்பட்ட கூடை' என்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த பேமார்ட் ஆய்வு நிறுவனம், இது குறித்து வெளிவந்த பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டிச் சராசரி காண்கிறது. அந்தச் சராசரி ஏறக்குறைய 70 விழுக்காடு. அதாவது, பொருள் போட்ட 10 கூடைகளில் சுமார் 7 அப்படியே விடப்படுகின்றன.

பேரங்காடியில் 10 பேரில் 7 பேர் நிரம்பிய தள்ளுவண்டியை வரிசையில் விட்டுவிட்டு நடையைக் கட்டினால் எப்படி இருக்கும்? இணையத்தில் அது அன்றாடம் நடக்கிறது. பெரிய தளங்கள் சமாளித்துக்கொள்ளும். வீட்டிலிருந்து முறுக்கு விற்பவருக்கும், நண்பருடன் சேர்ந்து ஆடைக் கடை தொடங்கிய இளையருக்கும் ஒவ்வொரு கூடையும் முக்கியம். விளம்பரத்துக்குக் காசு செலவழித்துத்தானே அந்த வாடிக்கையாளரைக் கடை வரை கூட்டி வந்தார்கள்!

எல்லாமே நஷ்டமா?

இல்லை. பலர் வாங்கும் எண்ணத்தோடு கூடையில் போடுவதே கிடையாது. விலையை ஒப்பிட, பிடித்ததைக் குறித்துவைக்க, 11.11 விற்பனைக்குக் காத்திருக்க, அல்லது சும்மா பொழுதுபோக்க. இவர்களை விரட்டிப் பிடிக்க முடியாது. பிடிக்கவும் வேண்டாம்.

ஆகவே கடைக்காரர் பார்க்கவேண்டியது மொத்த எண்ணிக்கையை அல்ல, எந்தப் படியில் ஆட்கள் நழுவுகிறார்கள் என்பதை. முகவரியை எழுதியபின் போய்விட்டார்களா? விநியோகக் கட்டணம் அங்கேதான் தெரியவருகிறது என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். பணம் கட்டும் பொத்தானை அழுத்தியபின் காணாமல் போனார்களா? அது பெரும்பாலும் மனமாற்றம் அல்ல, தொழில்நுட்பக் கோளாறு.

கடைசிப் பக்கத்தில் ஓர் அதிர்ச்சி

'சும்மா பார்த்தேன்' என்பவர்களை விட்டுவிட்டால், பேமார்டின் கருத்தாய்வுகளில் தொடர்ந்து முதலிடத்தில் வரும் காரணம் ஒன்றுதான்: கூடுதல் கட்டணம். விநியோகம், வரி, சேவைக் கட்டணம் என ஏதாவது ஒன்று.

28 வெள்ளி குர்தா, பணம் கட்டும்போது 33 வெள்ளி ஆகிறது. 5 வெள்ளி பெரிய தொகை இல்லை. ஆனால் அதை முன்னாடியே சொல்லவில்லை என்பதுதான் எரிச்சல். பொருளின் படத்துக்குக் கீழேயே 'விநியோகம் 5 வெள்ளி, 60 வெள்ளிக்கு மேல் இலவசம்' என்று போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். எம்ஆர்டி நிலையத்தில் நேரில் வந்து வாங்கிக்கொள்ளும் வசதி நம் ஊர்ச் சிறு வணிகங்களில் சகஜம். அதையும் அங்கேயே சொல்லலாம்.

இது வெறும் நாகரிகம் பற்றிய விஷயமும் அல்ல. முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டு, கட்டாயக் கட்டணங்களைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பதைச் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் கவனித்து வருகிறது. விலை வெளிப்படைத்தன்மை குறித்த அதன் வழிகாட்டிக் குறிப்புகள் 2020 நவம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன.

பொருள் சேவை வரியும் அப்படியே. வரிக்குப் பதிவு செய்த கடை, பொதுமக்களுக்குக் காட்டும் விலையில் 9 விழுக்காட்டு வரியைச் சேர்த்தே காட்டவேண்டும். பதிவு செய்யாத சிறிய கடை அந்த வரியை வசூலிக்கவே கூடாது. சென்னைக் கடையிலிருந்து நேரடியாகப் புடவை வரவழைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. பொட்டலத்தின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால் இங்கு வரும்போது வரி கட்டவேண்டும். 2023 முதல், 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும், இங்கு வரிக்குப் பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் வரி வசூலிக்கிறார்கள்.

ஒரு பொத்தான், 300 மில்லியன் டாலர்

இணைய வடிவமைப்பு வட்டாரத்தில் பிரபலமான கதை ஒன்று உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஜாரட் ஸ்பூல் 2009இல் எழுதியது. பெயர் சொல்லாத ஒரு பெரிய இணையக் கடையில், பணம் கட்டும் முன் 'பதிவு செய்க' என்ற பொத்தான் வந்தது. புதியவர்கள் எரிச்சலடைந்தார்கள். பழையவர்களோ எந்த மின்னஞ்சல், எந்தக் கடவுச்சொல் என்று தெரியாமல் திண்டாடினார்கள்.

பொத்தானை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று மாற்றினார்கள். வாங்குவதற்குக் கணக்குத் தேவையில்லை என்று பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு. வாங்கியவர்கள் எண்ணிக்கை 45 விழுக்காடு கூடியது. முதல் ஆண்டில் கூடுதல் விற்பனை 300 மில்லியன் டாலர் என்கிறார் ஸ்பூல். எல்லாக் கடைக்கும் இப்படி அடிக்காது. ஆனாலும் 28 வெள்ளி குர்தாவுக்குப் பிறந்தநாள் கேட்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன!

நம் ஊருக்கே உரிய தொல்லைகளும் உண்டு. வெளிநாட்டில் தயாரான படிவத்தை அப்படியே பயன்படுத்தும் கடைகள் 'மாநிலம்', 'நகரம்' என்று கேட்கும். சிங்கப்பூரில் என்ன எழுதுவது? இங்கே 6 இலக்க அஞ்சல் குறியீட்டைப் போட்டாலே புளோக், சாலைப் பெயர் தெரிந்துவிடும். மாடி, வீட்டு எண் மட்டும் கேட்டால் போதும்.

அடுத்தது பேநவ். கியூஆர் குறியீடு திறன்பேசித் திரையில் வருகிறது. அதே திறன்பேசியின் கேமராவால் அதை எப்படி எடுப்பது? திரையைப் படம் பிடித்து, வங்கிச் செயலியைத் திறந்து, அந்தப் படத்தை அதில் ஏற்றவேண்டும். பழகியவர்களுக்கு எளிது. மற்றவர்கள் திரும்பி வருவதற்குள் கடையின் பக்கம் காலாவதியாகிவிடும். 'படத்தைச் சேமிக்க' என்று ஒரு பொத்தான், 'உங்கள் ஆர்டர் 30 நிமிடம் வரை காத்திருக்கும்' என்று ஒரு வரி. இரண்டும் சேர்ந்தால் இந்த இடத்தில் நிறையப் பேரைக் காப்பாற்றலாம்.

பண்டிகைக் காலத்தில் இன்னொரு கேள்வி எல்லாவற்றையும்விடப் பெரிது: 'தீபாவளிக்குள்ள வந்துடுமா?' அதற்குத் தேதியோடு பதில் சொல்லாத கடையில் யாரும் துணிந்து பணம் கட்டமாட்டார்கள்.

போனவர்களைத் திரும்ப அழைப்பது எப்படி?

முதலில் ஒன்று. மின்னஞ்சலோ தொலைபேசி எண்ணோ கொடுக்காமல் போனவருக்குக் கடை தகவல் அனுப்ப முடியாது. ஷாப்பிஃபை போன்ற தளங்களில், தொடர்புத் தகவலைப் பதிந்துவிட்டு வாங்காமல் போனவர்களுக்குத் தானாக நினைவூட்டல் அனுப்பும் வசதி உண்டு.

நல்ல நினைவூட்டல் சுருக்கமாக இருக்கும். விட்டுப்போன பொருளின் படம், தேர்ந்தெடுத்த அளவு, அதே கூடைக்கு நேராகப் போகும் இணைப்பு, 'பணம் கட்டுவதில் சிக்கலா? எங்களைக் கேளுங்கள்' என்ற ஒரு வரி. சில மணி நேரத்தில் ஒன்று, மறுநாள் ஒன்று. அதற்குமேல் போனால் தொந்தரவு என்பதே என் கருத்து.

உடனே தள்ளுபடி கொடுத்துவிடலாமா? இங்குதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 28 வெள்ளி குர்தாவுக்கு அடக்கவிலை 20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். லாபம் 8 வெள்ளி. 10 விழுக்காடு தள்ளுபடி என்பது 2 வெள்ளி 80 காசு. கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் லாபத்தில் 35 விழுக்காடு போச்சு! அதோடு, காத்திருந்தால் தள்ளுபடி வரும் என்று வாடிக்கையாளர் கற்றுக்கொள்வார். அடுத்த முறை வேண்டுமென்றே கூடையை விட்டுவிட்டுப் போவார். (நம்மில் சிலர் ஏற்கெனவே அப்படித்தான், இல்லையா?)

'இன்னும் 2தான் இருக்கு!' என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் ஆபத்து. பயனீட்டாளரைத் தவறாக வழிநடத்துவது, நியாயமான வர்த்தகத்துக்கான பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பிரச்சினையாகலாம்.

வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ள 'அழைக்கவேண்டாம்' பதிவேடு தொலைபேசி அழைப்புகளுக்கு மட்டும் அல்ல, தொலைபேசி எண்ணுக்கு வரும் விளம்பரச் செய்திகளுக்கும் பொருந்தும். விநியோகத்துக்காகக் கொடுத்த எண்ணை அனுமதியின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது சரியல்ல. கொடுத்த அனுமதியை வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளலாம்.

நினைவூட்டல் உண்மையிலேயே வேலை செய்கிறதா?

மென்பொருள் 'இத்தனை கூடைகளை மீட்டோம்' என்று காட்டும் எண்ணை அப்படியே நம்பவேண்டாம். அதில் சிலர் தாமாகவே மறுநாள் திரும்பி வந்திருப்பார்கள். 200 பேர் கூடையை விட்டுப் போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். குலுக்கல் முறையில் 100 பேருக்கு மட்டும் மின்னஞ்சல் அனுப்புங்கள். அனுப்பியவர்களில் 9 பேரும், அனுப்பாதவர்களில் 5 பேரும் வாங்கினால், மின்னஞ்சலின் பலன் 9 அல்ல, 4தான்.

அதற்கும் முன்னால் செலவே இல்லாத சோதனை ஒன்று இருக்கிறது. உங்கள் திறன்பேசியை அம்மாவிடமோ சித்தப்பாவிடமோ கொடுத்து, உங்கள் கடையிலேயே ஒரு பொருளை வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. 'இது என்னப்பா கேக்குது?' என்று அவர்கள் கேட்கும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் சரிசெய்யவேண்டியவை அவைதான்.