மலைநாட்டுச் சந்தைக்கு வரும் கடல் மீன்கள்: அவற்றின் நீளமும் வாழும் ஆழமும்

பூண்டுலோயாப் பகுதியில் டன்சினன் நீர்வீழ்ச்சியை அறியாதார் இலர். ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அந்நீர் கொத்மலை ஓயாவுடன் கலந்து, 1985ஆம் ஆண்டிலிருந்து கொத்மலை நீர்த்தேக்கத்திற் சிறிது தங்கி, மகாவலியோடு சேர்ந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றது. நீர் இறங்கிச் செல்லும் அத்திசையிலிருந்து மீன் மலைக்கு ஏறி வருகின்றது. கோவா, லீக்ஸ், கரட் முதலியவற்றை விற்ற பணத்தில் ஒரு பங்கு, மீனாகவோ கருவாடாகவோ மாறியே கமக்காரரின் வீடு திரும்புகின்றது. அப்பணத்துக்குத் தக்க பொருள் கிடைக்கின்றதா என்பதை அறிய, எந்த மீன் எவ்வளவு வளரும், எங்கே வாழும் என்னும் அறிவு பெரிதும் துணையாகும்.

இலங்கைக் கரையிலிருந்து மெல்லச் சரிந்து செல்லும் ஆழங்குறைந்த கடற்றரை கண்டமேடை எனப்படும். அதன் அகலம் சராசரியாக 20 கிலோமீற்றரளவே. டன்சினன் அருவியைக் கொண்டுபோய் அதன்மீது நிறுத்தினால், பெரும்பாலான இடங்களில் அருவியின் தலை நீருக்கு மேலே தெரியும். வடக்கே பாக்குக் குடாவில் ஆழம் இன்னும் குறைவு. பெரும்பகுதியில் அது 15 மீற்றரை எட்டாது. தேயிலைக்கு நிழல் தரும் முதிர்ந்த சவுக்கு மரம் அதனினும் உயரமானது. ஆனால் மகாவலி கடலிற் கலக்கும் இடத்துக்கு அருகிலோ 3,000 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழமுள்ள ஒரு பெரும் பள்ளத்தாக்கு கடலடியில் இறங்குகின்றது. 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகால மலையையும் அது விழுங்கிவிடும்.

ஆழங்குறைந்த கடலே மீன்வளம் மிக்கது. நெற்பயிருக்கு வெயில் எவ்வாறு இன்றியமையாததோ, கடலில் மிதக்கும் நுண்ணிய பாசியினங்களுக்கும் அவ்வாறே. வெயில் புகும் மேல் நீரிலேயே அவை வளரும். அவற்றையும் அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்களையும் உண்டே சிறு மீன்கள் பிழைக்கின்றன. ஆறுகள் கொண்டுவரும் உப்புச்சத்துக்களும் இப்பகுதிக்கே முதலிற் கிடைக்கின்றன. ஆகவே, கண்டமேடையைக் கடலின் வயல் எனக் கூறலாம். வயல் ஒடுங்கியதாதலின் விளைவும் அளவுடையதே.

இவ்வயலில் மிகச் சிறியது நெத்தலி. ஆறு முதல் பத்துச் சென்றிமீற்றர் நீளமே உடைய இது கரையை அண்டிக் கூட்டங் கூட்டமாகத் திரியும். அடுத்தது சூடை, கீரி முதலிய சாளையினம். கீரிமீன் பொதுவாக 20 சென்றிமீற்றர் வரை வளர்ந்து, 10 முதல் 75 மீற்றர் ஆழத்துள் வாழும். கும்பளா 25 சென்றிமீற்றர் அளவிற் பிடிபடுவது வழக்கம், மிகுந்தால் 35. இதன் இருப்பிடம் 20 முதல் 90 மீற்றர் வரையான நீர். இக்கூட்டங்களைத் துரத்தி வருவது அறக்குளா. தமிழகத்தார் வஞ்சிரம் என்பதும் சிங்களத்தில் தோறா எனப்படுவதும் இதுவே. ஒரு மீற்றருக்கு மேற்பட்ட அறக்குளா சாதாரணம். இரண்டு மீற்றரைக் கடந்து, 70 கிலோகிராம் நிறையுள்ளதும் உண்டு. எனினும் இவ்வளவு பெரிய மீன் வாழ்வதும் 70 மீற்றருக்கு உட்பட்ட ஆழத்திலேயாம். பருமன் மிக மிக ஆழமும் மிகும் என்று கருதுவது தவறு. நாடா போன்ற சாவாளை இதற்கு மாறானது. ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமும் மிக ஒடுங்கிய உடலும் உடைய இம்மீன், கண்டமேடையின் விளிம்பைக் கடந்து 300 மீற்றருக்குக் கீழும் இறங்கும். வளர்ந்த சாவாளை பகலில் மேல் நீருக்கு வந்து இரை தேடி, இரவில் அடிக்குத் திரும்பும். இளையவை இரவிலே மேலேறும். தாயும் பிள்ளையும் முறை மாறி வேலைக்குச் செல்வதைப் போன்றதே இது. மாசி செய்ய உதவும் சூரை, கரையோர மீன் அன்று. அது திறந்த பெருங்கடலில் அலைவது.

கும்பளா செங்கடல் முதல் சமோவாத் தீவுகள் வரை காணப்படுகின்றது. சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுட் புகுந்ததும் அறியப்பட்டுள்ளது. ஆயினும், ஓரினம் எங்கும் பரந்திருத்தலால், ஒரு கரையிற் பிடித்துத் தீர்த்ததை மறு கரை உடனே நிரப்பிவிடும் என எண்ணலாகாது. கடலில் உள்ள மீனை மதிப்பிட நோர்வே நாட்டு ஆராய்ச்சிக் கப்பல் டொக்டர் பிரிட்ஜொவ் நான்சன் 1978 முதல் 1980 வரையும், மீண்டும் 2018இலும் இலங்கைக் கடலை ஆராய்ந்தது. நீருள் ஒலியைச் செலுத்தி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு மீன்கூட்டத்தின் ஆழத்தை அது அறிந்தது.

சந்தையில் மீனின் வரவு பருவக்காற்றைப் பொறுத்தது. மே முதல் செத்தெம்பர் வரை தென்மேற்குக் காற்றினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது கிழக்குக் கரை அமைதியாயிருக்கும். மார்கழி, தை மாதங்களில் நிலைமை மாறும். இரு கரைகளிலும் வரவு குறையும் நாட்களில் கருவாடே கைகொடுக்கும்.

விலையுயர்ந்த மீனே சத்துள்ளது என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அறக்குளாத் துண்டின் முள்ளை எறிந்துவிடுகின்றோம். நெத்தலியையோ முள்ளோடு உண்கின்றோம். வளரும் பிள்ளைகளின் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அம்முள்ளிலேயே உள்ளது. குறைந்த செலவில் அதனைத் தருவது நெத்தலியே.

கும்பளா, சூரை, சாளை ஆகியவற்றை வாங்கும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கருஞ்சதை மிகுந்த இம்மீன்கள் பனிக்கட்டியின்றி வெப்பத்திற் கிடந்தால் சதையில் ஒருவகை நஞ்சு உண்டாகும். கறியாக்கினும் பொரித்தாலும் உப்பிட்டாலும் அது அழியாது. உண்ட சிறிது நேரத்துள் முகஞ் சிவத்தல், தலையிடி, தடிப்பு, வாந்தி என்பன தோன்றினால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மலையின் குளிரைக் கண்டு ஏமாறலாகாது. கெடுதல் கீழ்நாட்டு வெப்பத்திலேயே நிகழ்ந்திருக்கும். செவுள் சிவந்தும், கண் தெளிந்தும், விரலால் அழுத்திய குழி உடனே நிமிர்ந்தும் இருப்பதே வாங்கத்தக்கது.

மீனின் தலை, குடல், செதில் என்பன தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்தவை. முன்னாளில் மலையாளக் கரையில் சாளையின் எண்ணெயைப் பிழிந்தபின் எஞ்சிய சக்கை தோட்டங்களுக்கு உரமாயிற்று. வீட்டுக் கழிவைக் கூட்டெருக் குழியின் நடுவே ஆழப் புதைத்து, மேலே மண்ணும் காய்ந்த இலையும் மூடவேண்டும். இன்றேல் நாயும் காட்டுப்பன்றியும் கிளறும். கருவாட்டுக் கழிவை இதிற் சேர்த்தலாகாது. கருவாடு கழுவிய உப்பு நீரையும் நாற்றுமேடைப் பக்கம் ஊற்றாது, வேறிடத்தில் விடுக.