யப்பானியர் ‘தா’ என்று கேட்கும் விதம்

அம்பிட்டியவில் அந்நிய மொழி கற்பது புதிதன்று. பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893ஆம் ஆண்டில் இங்கு நிறுவிய குருமடத்தில், இந்தியாவிலிருந்து வந்த இளைஞர்கள் இலத்தீனிலேயே பாடங் கேட்டார்கள். அது 1955இல் பூனாவுக்குப் பெயர்ந்தது. இன்று எங்கள் அயலில் கேட்பது யப்பானிய மொழி. தொழிலாளரை அனுப்புவது குறித்து 2019இல் இலங்கையும் யப்பானும் உடன்பாடு செய்துகொண்ட பின்னர், அங்கே முதியோரைப் பராமரிக்கும் பணியை நாடுகிற பிள்ளைகள் இங்கும் உண்டு.

அடுத்த வீட்டுப் பெண் அவர்களில் ஒருத்தி. வகுப்பு சிங்களத்தில் நடக்கிறது. ஐயம் வந்தால் ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய என்னிடம் வருவாள். அவளுடைய புத்தகங்களைப் புரட்டிப் புரட்டி எனக்கும் அம்மொழி சிறிது பழகிவிட்டது. சென்ற வாரம் அவள் முகம் வாடியிருந்தது. முதியவர் ஒருவரை அமரச் சொல்லும் வாக்கியம் எழுதும்படி பயிற்சி. அவள் ‘சுவரிநசாய்’ என்று எழுதினாள். ஆசிரியை சிவப்பு மையால் அடித்து, ‘சுவத்தே குதசாய்’ என்று திருத்தியிருந்தார்.

“மாஸ்டர், ‘நசாய்’ என்றால் மென்மையான ஏவல் என்றுதானே குறிப்பில் இருக்கிறது? மென்மையாகச் சொன்னால் என்ன பிழை?” என்றாள்.

பிழை மென்மையில் இல்லை; சொல்பவர் யார் என்பதில் இருக்கிறது. ‘நசாய்’ என்பதன் வேர், ‘செய்தருள்’ என்ற மரியாதைச் சொல். காலம் அதைத் தேய்த்து, தாய் பிள்ளைக்கும் ஆசிரியர் மாணவருக்கும் சொல்லும் ஏவலாக்கிவிட்டது. பரீட்சைத் தாளிலே ‘விடை எழுதுக’ என்பதும் இந்த ‘நசாய்’தான். எண்பது வயதுக் கிழவரிடம் அதைச் சொன்னால், அவரைக் குழந்தையாக்கியதாகும். பிறர் கைபிடித்து எழுந்து நிற்கும் மனிதருக்கு அது எத்தனை நோவு!

‘குதசாய்’ என்பதோ, மேலிருப்பவர் கீழிருப்பவருக்குத் தருதலைக் குறிக்கும் சொல்லின் ஏவல். ‘சுவத்தே’ என்பது ‘அமர்ந்து’ என்ற எச்சம். ஆக, ‘அமர்ந்து தாருங்கள்’ என்கிறார்கள்! நாமும் ‘எழுதித் தாருங்கள்’ என்போம். ஆனால் ‘உண்டு தாருங்கள்’ என்று விருந்தினரிடம் சொல்வதில்லை. யப்பானியர் அதையும் சொல்கிறார்கள். பிறர் செய்யும் செயலெல்லாம் தமக்கு அளித்த கொடை என்ற பாவனை அது.

இங்கே எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. இரந்து கேட்கும் சொற்களை எச்சவியல் மூன்றாகப் பிரிக்கிறது: இழிந்தோன் ‘ஈ’ என்பான், ஒப்போன் ‘தா’ என்பான், உயர்ந்தோன் ‘கொடு’ என்பான். யப்பானியரிடமும் இத்தகைய படிகள் உண்டு. ஆண்கள் தம் நெருங்கிய தோழரிடம் ‘மத்தே குரே’, காத்திரு, என்று முரட்டுத்தனமாகச் சொல்வார்கள். பொதுவில் ‘மத்தே குதசாய்’. அதுவும் ஏவலாதலால், மேலோரிடம் தருதலை விட்டுப் பெறுதலைப் பற்றிக் கொள்கிறார்கள்: ‘மத்தே இததகேமசென் கா?’ ‘தாங்கள் காத்திருக்கும் பேற்றை நான் பெறலாகாதோ?’ எதிர்மறை வினாவால் பணிவு கூடுவது நமக்கும் தெரிந்ததே, ‘சற்று உதவமாட்டீர்களா?’ என்று நாமும் கேட்கிறோம்.

இவ்வொற்றுமைகளைக் கொண்டு தமிழும் யப்பானியமும் உறவுமொழிகள் என்று வாதித்தார் பேராசிரியர் சுசுமு ஓனோ. யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவரோடு உழைத்தார்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை, எனக்கும் தயக்கமே. வடமொழிக் குடும்பத்துச் சிங்களமும் ‘கரலா தென்ன’, செய்து தாருங்கள், என்கிறதே! ‘செய்து பார்’ என்பதற்கு அங்கே ‘கரலா பலன்ன’. யப்பானியத்தில் ‘ஷிதே மிரு’. இவள் தமிழையும் சிங்களத்தையும் அறிந்தவள். ஆகவே பாதி இலக்கணம் அவள் நாவில் முன்னமே இருக்கிறது.

அவள் ‘சுவத்தே குதசாய்’ என்று நாலைந்து முறை சொல்லிப் பார்த்தாள். அதற்குள் என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

“தேத்தண்ணீர் ஆறுகிறது, குடி, பிள்ளை.”

அவள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். “மாஸ்டர், இதுதான் ‘நொமிநசாய்’!”