சூளைக் கூம்பும் டி.என்.ஏ. இழையும்

மங்கலம்பேட்டையை அடுத்த விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்றது. பீங்கான் சூளையின் உள்வெப்பத்தைக் கையால் தொட்டு அறிய இயலாது. ஆகவே கலங்களோடு சிறு மண் கூம்புகளையும் உள்ளே வைப்பது வழக்கம். குறித்த வெப்பம் எட்டியதும் கூம்பு வளையும். அதனைக் கண்டு சூளையின் நிலையை அறிவர்.

நம் உடலின் உயிரணுவும் அத்தகைய மூடிய சூளையே. அதனுள்ளும் ஒரு கூம்பை வைத்தவர் யமுனா கிருஷ்ணன். சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் பயின்ற இவ்வம்மையார், பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில், 2009-ஆம் ஆண்டு தம் குழுவினருடன் அக்கருவியைப் படைத்தார். அதன் மூலப்பொருள் யாது? பெற்றோரின் சாயலைப் பிள்ளைகளுக்குக் கொண்டு சேர்க்கும் டி.என்.ஏ. இழையே! தக்கவாறு கோத்த அவ்விழை, அமிலம் மிகுந்தால் மடங்கும். அதில் பொருத்திய இரு சாயங்கள் நெருங்கி ஒளியின் நிறம் மாறும். கோப்பை மாற்றினால் இழை வேறு பொருள்களையும் பற்றும். இரத்தத்தை உறையச் செய்யும் திராம்பின் என்னும் புரதத்தைப் பற்றும் இழையை 1992-இலேயே அமெரிக்க அறிஞர் கண்டிருந்தனர்.

இதனால் நமக்கென்ன பயன்? உயிரணுவுக்குள் கழிவைச் செரிக்கும் லைசோசோம் என்னும் நுண்பைகள் உண்டு. பிறவியிலேயே அவை பழுதானால் கழிவு தேங்கும். நடந்த குழந்தை நடை மறப்பதும், பேசிய குழந்தை பேச்சிழப்பதும் உண்டு. யமுனாவின் குழுவினர் மற்றொரு டி.என்.ஏ. கருவியைப் புழுக்களில் செலுத்தி, பழுதுற்ற பைகளில் குளோரைடு குறைந்திருப்பதை 2017-இல் அறிவித்தனர்.

கருவி நோயைக் குணமாக்காது. கூம்பும் சூளையை மூட்டுவதில்லை. ஆயினும் அஃதின்றிக் கலம் வெந்ததா என்பதை யார் அறிவார்?