அட்டெண்டருக்கு முதலாளி யார்?

1970-களில் அரசு உதவி பெற்ற ஒரு கலைக் கல்லூரியின் பணியாளர் பட்டியலில் ஆசிரியர் பெயர்கள் முடிந்ததும் இன்னொரு உலகம் தொடங்கும். கண்காணிப்பாளர், உதவியாளர், தட்டச்சர், ஸ்டோர் கீப்பர், ஆய்வக உதவியாளர், நூலக உதவியாளர், ரெக்கார்ட் கிளர்க், பியூன், மார்க்கர், தோட்டக்காரர், தண்ணீர் ஊற்றுபவர், இரவுக் காவலர், பெருக்குபவர். மார்க்கர் என்றால் பலருக்கு இன்று வெள்ளைப் பலகையில் எழுதும் பேனாதான் நினைவுக்கு வரும். அன்று அவர் ஓர் ஆள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டி, பந்துக்குக் காற்றடித்து வைப்பது அவர் வேலை. வேதியியல் ஆய்வகத்துக்கு வேண்டிய கரைசல்களை முதல் நாள் மாலையே கலக்கி வைப்பவர் அட்டெண்டர். எந்தப் புட்டியில் எது இருக்கிறது என்பது சில கல்லூரிகளில் துறைத் தலைவரைவிட அவருக்கே நன்றாகத் தெரியும்.

இன்றைய பட்டியல் சிறியது. மணியை மின்கருவி அடிக்கிறது. ஸ்டென்சில் வெட்டி ரோனியோ சுற்றிய அறையில் நகல் இயந்திரம் நிற்கிறது. நூலக அட்டைப் பெட்டிகள் இருந்த இடத்துக்குப் பார்கோடு வந்துவிட்டது. சில வேலைகள் உண்மையிலேயே ஒழிந்தன, அதற்கு வருந்த வேண்டியதில்லை. ஆனால் கழிவறை இன்றும் கழுவப்படுகிறது, இரவில் இன்றும் காவல் உண்டு, சோதனைக் குழாய்களை இன்றும் யாரோ கழுவி அடுக்குகிறார்கள். அவர்களுடைய பெயர்கள் கல்லூரியின் பட்டியலில் இல்லை என்பதுதான் வேறுபாடு.

சென்னை பெரம்பூரில் 1918 ஏப்ரலில் பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. திரு.வி.க. துணை நின்றார். நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். சங்கத்தின் மீது பக்கிங்காம் ஆலை நிர்வாகம் தொடுத்த வழக்கு எழுப்பிய கேள்விகளுக்கு விடையாகத்தான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம் என்றது அந்தச் சட்டம். ஆலைத் தொழிலாளிக்கு இந்த வழி அவ்வளவு முன்பே திறந்துவிட்டது. அதே ஊரில் கல்லூரி மணி அடித்தவர் தொழிலாளியா இல்லையா என்பது முடிவாக மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது.

முதலில் வந்த விடை 'இல்லை' என்பது. டெல்லிப் பல்கலைக்கழகம் தன் மகளிர் கல்லூரிக்கு ஓட்டிய பேருந்துகளில் நட்டம் என்று சொல்லி ஓட்டுநர்களை வேலையிலிருந்து நிறுத்தியது. ஆட்குறைப்பு இழப்பீடு கேட்டு அவர்கள் தொழில் தீர்ப்பாயம் போனார்கள், அங்கே வென்றார்கள். 1963-இல் உச்ச நீதிமன்றம் அந்த வெற்றியைத் திருப்பி எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழகத்தின் முதன்மைப் பணி கற்பித்தல், அது தொழில் அல்ல, ஓட்டுநர் போன்றோரின் வேலை அதில் சிறு பகுதி, ஆகவே அவர்களுக்கும் தொழில் தகராறுச் சட்டம் பொருந்தாது என்பது வாதம். கல்வியின் புனிதத்துக்கு விலை கொடுத்தவர் ஓட்டுநர்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1978 பிப்ரவரியில், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதைப் புரட்டிப் போட்டது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் வி.ஆர்.கிருஷ்ண ஐயர். முறையான நடவடிக்கை, முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்த உழைப்பு, மக்களுக்கான பொருளோ சேவையோ, இவை இருந்தால் அது தொழில்தான், லாபம் இருக்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை என்றார். கல்வி நிறுவனமும் இந்த வரையறைக்குள் வந்தது. பியூனும் தோட்டக்காரரும் ஓட்டுநரும் தொழிலாளர் நீதிமன்ற வாசலில் நிற்க உரிமை பெற்றார்கள். 240 நாள் வேலை பார்த்தவரை நிறுத்த ஒரு மாத அறிவிப்பும், ஓர் ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற இழப்பீடும் தர வேண்டும் என்ற விதி அவர்களுக்கும் உரியதானது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோவாவில் பணிநீக்கப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியை தொடுத்த வழக்கில், 1988-இல், கல்வி நிலையம் தொழில்தான், ஆனால் ஆசிரியர் தொழிலாளி அல்லர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்லூரிக்குள் எல்லா வரிசையிலும் பின்னால் நின்ற அட்டெண்டருக்கு, பேராசிரியருக்கு இல்லாத ஒரு கதவு கிடைத்தது. அந்தக் கதவையும் அதற்கு முன்பே மூடப் பார்த்திருந்தார்கள். கல்வி நிறுவனங்களைத் தொழில் என்ற வரையறையிலிருந்து நீக்கும் திருத்தத்தை 1982-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அந்தப் பகுதி கடைசிவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை.

தமிழ்நாட்டுக்கென்று 1976-இல் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்திருந்தது. அதில் ஆசிரியரோடு 'பணியிலுள்ள பிற நபர்'களும் சேர்க்கப்பட்டார்கள். கல்வித் துறையின் முன் அனுமதி இல்லாமல் நிர்வாகம் ஒருவரைப் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ முடியாது. அதற்கு முன் கல்லூரிச் செயலாளரின் வாய்ச்சொல்லே பணிநீக்க ஆணை. சம்பளப் பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் வருவது வேறொரு தொகை என்பது அக்காலத்தின் நிலையான புகார். செயலாளர் வீட்டுக் காய்கறியும் முதல்வர் வீட்டுச் சிலிண்டரும் பியூனின் பணி விதிகளில் எழுதப்படாத பிரிவுகள். ஆசிரியர் சங்கங்கள் தெருவில் நின்று போராடிப் பெற்ற நேரடிச் சம்பளம் அலுவலகத்தாருக்கும் சேர்ந்தே கிடைத்தது.

அரசாணைப்படி ஊதியம் என்ற நிலை வந்தபின் மாற்றத்தை எண்களாலேயே சொல்லலாம். கடைநிலைப் பணியாளரின் தொடக்க அடிப்படை ஊதியம் 1996-க்குரிய ஊதிய விகிதத்தில் 2,550 ரூபாய். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் 4,800 ரூபாயும் தர ஊதியம் 1,300 ரூபாயும். 2017-இல் 15,700 ரூபாய். பத்து ஆண்டில் தேர்வு நிலை, இருபது ஆண்டில் சிறப்பு நிலை. முன்பு எழுத்தர் 58 வயதில் ஓய்வு பெறுவார், கடைநிலை ஊழியர் 60-இல். 2021-இல் எல்லோருக்கும் 60 ஆனது. ஓய்வூதியத்தில் மட்டும் கோடு எதிர்ப்பக்கம் திரும்பியது. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்புத் திட்டத்தில் வைக்கப்பட்டார்கள். ஒரே அறையில் ஒரே வேலையைப் பார்க்கும் இருவருக்கு இரண்டு விதமான முதுமை.

கல்லூரி அலுவலகத்தாரின் சங்கம் அன்று ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது என்றால் மிகையில்லை. கார்பன் தாளிலும் சைக்ளோஸ்டைலிலும் எடுத்த அரசாணை நகல்கள், சந்தா ரசீதுப் புத்தகம், பழைய தீர்ப்புகள், யாருக்கு எந்த ஆண்டு இன்கிரிமென்ட் விட்டுப்போனது என்று கைப்பட எழுதிய நோட்டு. பெட்டியை வைத்திருந்தவர் பெரும்பாலும் ஏதோ ஒரு கல்லூரியின் உதவியாளர். விடுமுறை நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கல்லூரிக்குப் போவார். இணை இயக்குநரின் ஜே.டி. ஆபீசில் எந்த மேசையில் கோப்பு நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். பணிப் பதிவேட்டில் பிறந்த தேதி பிழையாக இருப்பதை ஓய்வு பெறுவதற்குப் பத்து ஆண்டு முன்பே கண்டு சொல்வார். அவர் ஒருவர் இல்லாமல் போனால் அந்த மாவட்டத்தின் நினைவாற்றலே போய்விடும். அது ஒரு பலவீனம்தான். தனக்கு வேண்டாதவனுக்கு அவர் அரசாணையைக் காட்டாமல் விட்டதும் உண்டு, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்று அரசாணை வெளியான அன்று மாலையே வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். ஆக வந்துவிடுகிறது. மறைக்க ஆளில்லை, மறைக்கவும் முடியாது. தமிழ்நாடு 1997-இலேயே தகவல் உரிமைக்கு ஒரு சட்டம் செய்தது, 2005-இல் மத்தியச் சட்டம் வந்தது. தன் பணிப் பதிவேட்டின் நகலைப் பத்து ரூபாய்க் கட்டண மனுவில் கேட்டு வாங்கும் கடைநிலை ஊழியரை அன்றைய கண்காணிப்பாளர் கனவிலும் கண்டிருக்க மாட்டார். ஆனால் குழுவில் வந்து விழும் நூறு பக்க பி.டி.எஃப்.-இல் தனக்கு உரிய வரி எது என்று விரல் வைத்துக் காட்ட ஆள் வேண்டியிருக்கிறது. நன்றி என்று கைகூப்பும் படங்களுக்கு நடுவே அந்த ஆணை மேலே மேலே போய் மறைகிறது.

2003 ஜூலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர்களில் ஏறக்குறைய 1.7 லட்சம் பேர் மாநில அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் (எஸ்மா) ஒரே வீச்சில் பணிநீக்கப்பட்டார்கள். ஆகஸ்ட் 6 அன்று, டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்ட உரிமையும் இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலோர் திரும்பினார்கள். சந்தா கட்டுவது நிற்கவில்லை. சங்கம் இனிக் கோரிக்கை மனு கொடுக்கும் இடம் என்ற எண்ணம் மட்டும் பலரிடம் தங்கிவிட்டது.

இதற்கிடையே சத்தமில்லாமல் வந்த உரிமைகள் பல. வருங்கால வைப்பு நிதி 1982-இல் கல்வி நிறுவனங்களுக்கும் வந்தது. பணிக்கொடைச் சட்டம் 1997-இல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கல்வி நிலையங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆசிரியர்கள் அதற்குள் வர 2009-இல் தனித் திருத்தம் தேவைப்பட்டது. அலுவலகத்தாருக்கு அந்தச் சிக்கல் இருக்கவில்லை. தமிழ்நாடு அரசு 2010-இல் ஈ.எஸ்.ஐ. திட்டத்தைக் கல்வி நிறுவனங்களுக்கும் விரித்தபோது நிர்வாகங்கள் நீதிமன்றம் போயின. 2020-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு ஆணை செல்லும் என்றது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பெருக்கும் பெண்ணையும் பேராசிரியையையும் ஒரே புகார்க் குழுவின் முன் நிறுத்துகிறது. 1970-களின் பியூன் இந்தப் பட்டியலைப் பார்த்தால் வேறு நாட்டுச் சட்டம் என்று நினைத்திருப்பார்.

அவருக்கு இருந்த ஒன்று இன்று இல்லை. தன் முதலாளி யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. பிறகு உதவி பெறும் கல்லூரிகளுக்குள்ளேயே சுயநிதிப் பிரிவுகள் முளைத்தன. 'எய்டட் ஸ்டாஃப்', 'மேனேஜ்மென்ட் ஸ்டாஃப்' என்று ஒரே வராந்தாவில் இரண்டு சாதி உண்டாயிற்று. 2001 நவம்பரில் அரசு பணி நியமனங்களுக்குத் தடை விதித்தது. 2006-இல் தடை விலகியபோது காலியிடங்களைத் தொகுப்பூதியத்தாலும் ஒப்பந்தத்தாலும் சமாளிக்கக் கல்லூரிகள் பழகியிருந்தன. அதே 2006-இல் உமாதேவி வழக்கில், முறையான தேர்வின்றித் தினக்கூலியாக நுழைந்தவர் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு ஏஜென்சிகள் வந்தன. துப்புரவு ஒரு நிறுவனத்துக்கு, காவல் இன்னொன்றுக்கு, சில இடங்களில் அலுவலகக் கணினி வேலையும் மூன்றாவதற்கு.

1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை முதலாளியான கல்லூரி தர வேண்டும் என்றிருந்தது. சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் பெருக்கும் அம்மாவின் கையில் இருப்பது ஏஜென்சியின் அடையாள அட்டை. பி.எஃப். பிடித்தம் போகிறதா என்று கேட்டால் சூப்பர்வைசரைக் கேள் என்கிறது கல்லூரி, கல்லூரி பில் பாஸ் செய்யவில்லை என்கிறார் சூப்பர்வைசர். ஆண்டுக்கொரு முறை ஒப்பந்தம் கைமாறும்போது ஆள் அதேதான், பணிமூப்பு மட்டும் முதல் நாளுக்குத் திரும்பிவிடுகிறது. ஐந்து ஆண்டு தொடர் பணி வேண்டும் பணிக்கொடைக்கு. பதினைந்து ஆண்டாக ஒரே தாழ்வாரத்தைப் பெருக்கியவருக்கு எந்த ஒரு முதலாளியிடமும் ஐந்து ஆண்டு தேறாமல் போவது இப்படித்தான். மாணவர்கள் இன்று அவரை அக்கா என்று அழைக்கிறார்கள். அன்று ஒருமையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இது முன்னேற்றம்தான், ஆனால் பணிப் பதிவேட்டில் ஏறாத முன்னேற்றம்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. குறித்த கால நியமனத்தில் இருப்பவருக்கு ஓர் ஆண்டிலேயே பணிக்கொடை என்பது புதிய வரவு. நல்ல வரவும்கூட. மறுபுறம், 1978-இல் கிருஷ்ண ஐயர் அகலத் திறந்த வரையறை சுருங்கியிருக்கிறது. கல்வி என்ற சொல் விலக்குப் பட்டியலில் இல்லை, ஆனால் முழுமையாகவோ பெருமளவிலோ அறப்பணியில் ஈடுபடும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்கள் தொழில் ஆகா என்ற வாசகம் இருக்கிறது. நம் தனியார் கல்லூரிகளில் பெரும்பாலானவை அறக்கட்டளைகளின் பெயரில்தான் நடக்கின்றன. கட்டண ரசீதைக் காட்டி இது அறப்பணியா என்று யாராவது ஒரு அட்டெண்டர் வாதாட வேண்டியிருக்கும்.

தொழில் என்ற வரையறையைச் சுருக்கிய அதே சட்டம் பேச்சுவார்த்தைச் சங்கம் என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்திருக்கிறது. மஸ்டர் ரோல் எனும் தொழிலாளர் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 விழுக்காடு பேரின் ஆதரவு உள்ள சங்கத்தோடு நிர்வாகம் பேச வேண்டும். யாருக்கும் அந்த அளவு இல்லையென்றால் 20 விழுக்காட்டுக்கு ஒரு பிரதிநிதி என்று குழு அமையும். இது சங்கங்கள் நெடுங்காலம் கேட்டுவந்த அங்கீகாரம். இப்போது ஒரு கல்லூரியைக் கணக்கெடுப்போம்: உதவி பெறும் பிரிவில் ஓய்வை நெருங்கும் சிலர், சுயநிதிப் பிரிவில் தொகுப்பூதியத்தார், காவலுக்கு ஓர் ஏஜென்சி, துப்புரவுக்கு இன்னொன்று. கல்லூரியின் மஸ்டர் ரோலில் முதல் இரண்டு வகையினர் மட்டுமே இருப்பார்கள். மற்ற இரண்டு வகையினரின் 51 விழுக்காட்டை எந்த அலுவலகத்தில் எண்ணுவது என்று ஏஜென்சியின் முகவரியில்தான் போய்க் கேட்க வேண்டும். அது பெரும்பாலும் வேறு ஊரில் இருக்கும்.