உங்களுக்குத் தெரியுமா?

ஆக்ராவின் கரடி மீட்பு மையத்தில் இருக்கும் ஒரு கரடியை நீங்கள் தத்தெடுக்கலாம். வீட்டுக்குக் கூட்டிவந்தால் மட்டும் கம்பி எண்ண வேண்டியதுதான்!

● தத்து என்றால் சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் பணம் கட்டுவது. கரடி அங்கேயேதான் இருக்கும்.

● அங்கிருப்பவை பெரும்பாலும் தெருவில் ஆடவிடப்பட்ட தேன்கரடிகள். குட்டியாக இருக்கும்போதே பழுக்கக் காய்ச்சிய ஊசியால் மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்துவிட்டார்கள். கோரைப்பற்களையும் தட்டி எடுத்துவிட்டார்கள். மயக்க மருந்தா? கேட்கவே வேண்டாம். தாயிடம் இரைதேடக் கற்காத, பல்லில்லாத கரடியைக் காட்டில் விட்டால் பிழைக்காது.

● வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பு 1999-இல் தொடங்கிய மையம் இது. நாடு முழுவதும் மீட்கப்பட்ட ஆட்டக் கரடிகள் 600-க்கும் மேல். கடைசி ஆட்டக் கரடி ஒப்படைக்கப்பட்டது 2009-இல்.

● சாப்பாடு? தேன் கலந்த கஞ்சி, தர்பூசணி.