கடிந்துரைத்தலும் சீர்ப்படுத்தலும்

ஆலோசனை நாடி வருவோருக்கு ஆறுதல் கூறுவது நமக்கு எளிது. அவர் கேட்க விரும்பாத உண்மையைக் கூறுவதோ அரிது. ஆகவே சில வேளைகளில் நாம் மௌனமாயிருந்துவிடுகிறோம். சில வேளைகளில் பிரசங்க பீடத்திலிருந்து மறைமுகமாகச் சாடுகிறோம். இவ்விரண்டும் மேய்ப்புப் பணி ஆகா.

குற்றத்தில் அகப்பட்டவனைச் சீர்பொருந்தப் பண்ணுமாறு பவுல் கலாத்தியருக்கு எழுதுகையில் (6:1) கையாளும் கிரேக்க வினைச்சொல், செபெதேயுவின் குமாரர் வலைகளைப் பழுதுபார்த்ததைக் கூறுமிடத்திலும் (மாற்கு 1:19) வருகின்றது. மீனவர் கிழிந்த வலையை எறிந்துவிடுவதில்லை; கிழிசலே இல்லையென்று பாவித்து அதைக் கடலில் இறக்குவதுமில்லை. கிழிந்த இடத்தைக் கண்டு, அதை மீண்டும் பயன்படச் செய்கின்றனர். சீர்ப்படுத்துவோன் தன்னையும் குறித்து எச்சரிக்கையாயிருக்க வேண்டுமென்கிறார் அப்போஸ்தலன். பேசுமுன், நாம் நமது சினத்தைத் தீர்த்துக்கொள்ளப் பேசுகிறோமா, அன்றி அவரது நன்மைக்காகவா என வினவுதல் நன்று.

நாத்தான் தாவீதிடம் சென்ற முறை இதற்குச் சிறந்த சான்று (2 சாமுவேல் 12). ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையைக் கேட்டு அரசன் தானே தீர்ப்புரைக்கிறான். அதன்பின் தீர்க்கதரிசி சுற்றி வளையாமல் அவனே அம்மனிதன் என்கிறார். பாவத்தின் விளைவை அவர் மறைக்கவில்லை. அறிக்கை செய்தவனுக்கு மன்னிப்பைக் கூறத் தாமதிக்கவுமில்லை. பின்பு சாலொமோன் பிறந்தபோது, யெதிதியா என்னும் பெயர் அதே நாத்தான் வழியாகவே வருகின்றது. கடிந்துரைத்தவர் உறவை முறித்துக்கொண்டு போய்விடவில்லை.

இறையியல் மாணவரைப் பயிற்றுவிப்போர்க்கும் இது பொருந்தும். 1925இல் அமெரிக்காவின் உஸ்டர் மனநல மருத்துவமனையில் அன்டன் பாய்சன் தொடங்கிய பயிற்சியின் வழியில் வளர்ந்த முறையில், மாணவர் நோயாளியுடன் பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதி வருவது வழக்கமாயிற்று. நோயாளி, "இரவில் பயமாயிருக்கிறது" என்றதும் மாணவர், "ஜெபிப்போமா?" என்றார் என வைத்துக்கொள்வோம். "உமக்குப் பரிவில்லை" என்று பயிற்றுவிப்பவர் கூறினால் மாணவர் தம்மைக் காத்துக்கொள்ளவே முற்படுவார். அவ்வரியைச் சுட்டி, "அப்பொழுது உம் உள்ளத்தில் எழுந்தது யாது?" என்று கேட்டால், தமது அச்சத்திற்குத் தப்பவே ஜெபத்தை நாடியதை அவரே உணரக்கூடும். உணராவிடில், அதைத் தெளிவாகக் கூறுவது ஆசிரியரின் கடமை. இல்லையேல் அடுத்த நோயாளியும் தம் பயத்துடன் தனித்து விடப்படுவார்.

எனவே கடினமான சொல்லை நாம் தனிமையிலும், செயலைக் குறித்தும், தெளிவாகவும் கூறுவோமாக; கூறியபின் அவரோடு தங்கியிருப்போமாக.