தெரியாத கடன் உங்கள் பெயரில் இருந்தால் உடனே கட்டாதீர்கள், சும்மாவும் விடாதீர்கள்

ரவாங்கில் லோரி ஓட்டும் ஒருவர் கார் கடனுக்கு மனுச் செய்திருந்தார். சம்பளச் சிலிப், இபிஎஃப் அறிக்கை எல்லாம் சரியாகவே இருந்தன. இரண்டு வாரம் கழித்து பேங்கிலிருந்து போன் வந்தது. "சிடிஓஎஸ் அறிக்கையில் உங்கள் பெயரில் 1,840 வெள்ளி பாக்கி காட்டுகிறது. அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள்" என்றார் அதிகாரி. கடனைப் பதிவு செய்திருந்தது ஒரு கடன் வசூல் நிறுவனம். அந்தப் பெயரை அவர் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை.

அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டார். எடுத்த பெண் நல்ல தமிழில்தான் பேசினாராம். "அங்கிள், இன்றைக்கே 900 வெள்ளி போட்டால் கேஸை மூடிவிடுகிறோம். நாளைக்கு இந்தக் கழிவு கிடையாது." கார் கைநழுவிப் போய்விடுமே என்ற பதைப்பில் பணத்தை மாற்றிவிடப் போனவரை மகள் தடுத்தார். "அப்பா, என்ன கடன் என்று கேட்டீங்களா?"

அவர் கேட்கவில்லை. நம்மவர்கள் பலர் கேட்பதில்லை. ஒன்று, தொல்லை விட்டால் போதும் என்று கட்டிவிடுகிறோம். அல்லது, நம் கடன் இல்லையே என்று கடிதத்தைக் கிழித்துப் போடுகிறோம். இரண்டுமே பின்னால் சிக்கலைக் கொண்டு வரும்.

முதலில் எந்த அறிக்கை என்று பார்க்க வேண்டும். சிசிரிஸ் என்பது பேங்க் நெகாரா நடத்தும் பதிவு. பேங்குகளிலும் அதில் பங்கேற்கும் மற்ற நிதி நிறுவனங்களிலும் நீங்கள் வாங்கிய கடன், கடந்த 12 மாதம் தவணை கட்டிய விதம், புதிதாகச் செய்த மனுக்கள் ஆகியவை அதில் இருக்கும். இ-சிசிரிஸ் இணையத்தளத்தில் பதிந்துகொண்டு இலவசமாகப் பார்க்கலாம். சிடிஓஎஸ் தனியார் நிறுவனம். வழக்குகள், திவால் அறிவிப்புகள், கம்பெனிப் பதிவுகள் ஆகியவற்றோடு, "இவர் எங்களுக்குப் பணம் பாக்கி" என்று வணிக நிறுவனங்கள் தரும் தகவலும் அதில் சேரும். போன் பில் பாக்கி, கடன் வசூல் நிறுவனத்தின் பெயர் போன்றவை பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் தலைகாட்டும். பதிவு செய்த நிறுவனத்தின் பெயரும் அங்கேயே இருக்கும்.

"பேங்க் நெகாரா என்னைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டது" என்று சொல்வது நம்மிடையே வழக்கம். சிசிரிஸ் அப்படி யாரையும் பட்டியலில் போடுவதில்லை. தகவலைக் காட்டும், அவ்வளவுதான். கடன் தருவதா இல்லையா என்று முடிவு செய்வது அந்தந்தப் பேங்க்.

அடுத்து அறிக்கையில் உள்ள அடையாளக் கார்டு எண்ணை ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். நம் பெயர்கள் அப்படி. ஒரே தோட்டத்தில் மூன்று முனியாண்டி, நான்கு லெட்சுமி இருந்த காலம் உண்டு, அப்பா பெயர்கூட ஒன்றாகிவிடும். எண் வேறாக இருந்தால் அது வேறொருவரின் கடன். அதைத் திருத்துவது ஒப்பீட்டளவில் சுலபம்.

எண் உங்களுடையதாகவே இருந்தால், கொஞ்சம் உட்கார்ந்து பழசை யோசிக்க வேண்டும். தெரியாத கடன் என்று நாம் நினைப்பதில் மறந்துபோன கடனும் கலந்திருக்கும். தவணை கட்ட முடியாமல் மோட்டார் சைக்கிளையோ காரையோ இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். வண்டி போனதோடு கடனும் போய்விட்டது என்று நினைத்திருப்போம். அப்படி இல்லை. ஏலத்தில் விற்ற தொகை கடனுக்குப் போதாவிட்டால் மீதி நம் தலையில்தான். அந்த மீதி, வட்டியோடு வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்துப் புதுப் பெயரில் வந்து நிற்கும். மச்சானுக்கோ கூட வேலை செய்தவருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டதும் அப்படித்தான். அவர் கட்டாவிட்டால் பேங்க் உங்களைத் தேடி வரும். நண்பர் கம்பெனி தொடங்கியபோது "சும்மா பெயருக்கு" டைரக்டராகக் கையெழுத்துப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

இவற்றில் எதுவுமே இல்லையென்றால் யாரோ உங்கள் அடையாளக் கார்டைப் பயன்படுத்தியிருக்கலாம். போன் கடை, வேலை ஏஜெண்டு, வாடகை வீடு என்று எத்தனை இடத்தில் ஐசி நகலைக் கொடுத்திருப்போம்!

கடிதமே வரவில்லையே என்பார்கள். அதற்கு நம் சமூகத்தில் ஒரு தனிக் காரணம் உண்டு. தோட்டத்தில் இருந்தவரை தபால் ஆபீசுக்கு வரும், கிராணி ஆள்விட்டுக் கொடுத்தனுப்புவார். தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்த பிறகும் பலரின் அடையாளக் கார்டில் தோட்டத்து முகவரியே இருக்கிறது. எச்சரிக்கைக் கடிதம், வக்கீல் நோட்டீஸ், ஏன், நீதிமன்றச் சம்மன்கூட அந்த முகவரிக்குத்தான் போகும். ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், கடைசியாகத் தெரிந்த முகவரியில் சம்மனை ஒட்டவோ பத்திரிகையில் விளம்பரம் செய்யவோ நீதிமன்றம் அனுமதிக்கலாம். செம்பனை மரங்களுக்கு நடுவே இல்லாத வீட்டில் ஒட்டிய தாளை யார் படிப்பது? நீங்கள் வராமலே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்றாமல் இருப்பது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

இனி அந்த 900 வெள்ளிக்கு வருவோம். அதை ஏன் உடனே கட்டக் கூடாது?

தீபகற்ப மலேசியாவில் 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தின் அடிப்படையிலான சாதாரணக் கடனுக்கு வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டுதான் அவகாசம். கட்ட வேண்டிய தேதியில் கட்டத் தவறியதிலிருந்து அது எண்ணப்படும். சபா, சரவாக்கில் தனிச் சட்டங்கள் உள்ளன. ஆனால் அதே சட்டத்தின் 26ஆவது பிரிவு முக்கியமானது. கடன்பட்டவர் கையெழுத்திட்டு எழுத்தில் அந்தக் கடனை ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ, அந்த நாளிலிருந்து கணக்கு மறுபடி தொடங்கும். தொல்லை விடட்டும் என்று 50 வெள்ளி போட்டாலும் பழைய கடனுக்குப் புது உயிர் கொடுத்ததாகிவிடலாம். போனில் "கேஸ் மூடிவிடும்" என்பது எழுத்தில் இல்லாத வாக்கு. மீதி 940 வெள்ளியைக் கேட்டு வேறொருவர் வந்தால் எதைக் காட்டுவீர்கள்?

ஆறு ஆண்டு கடந்துவிட்டது என்பதற்காகக் கடனே இல்லாமல் போய்விடாது என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கு வந்தால், காலம் கடந்துவிட்டது என்று நீங்கள் எதிர்வாதத்தில் எழுப்ப வேண்டும். நீதிபதி தானாக அதைச் சொல்ல மாட்டார். ஏற்கெனவே தீர்ப்பு வாங்கிவிட்டார்கள் என்றால் அதற்கு அவகாசம் 12 ஆண்டு. ஆகவே சம்மன் கைக்கு வந்தால், கடன் பொய்யாகவே இருந்தாலும், கட்டாயம் போக வேண்டும். நீங்கள் இல்லாமல் தீர்ப்பு எழுதிவிட்டார்கள் என்று தெரிய வந்தால் அதை ரத்துச் செய்ய மனுப் போடலாம். அந்த உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செய்ய வேண்டும். அதைத் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லிப் போராட வேண்டியிருக்கும். வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவையோ வக்கீல் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகலாம்.

சரி, போனில் பேசக் கூடாது என்றால் என்ன செய்வது? எழுதிக் கேட்க வேண்டும். கடிதம் மலாயில் இருப்பதே நல்லது, நீளமாக இருக்க வேண்டியதில்லை. "சாயா திடாக் மெங்காக்கு ஹூத்தாங் இனி. சிலா கெமுக்காக்கான் சாலினான் பெர்ஜன்ஜியான், பெஞாத்தா அக்காவுன் டான் நோட்டிஸ் பெஞெராஹான் ஹாக்." இந்தக் கடனை நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்பந்த நகல், கணக்கு விவரம், உரிமை மாற்ற அறிவிப்பு ஆகியவற்றை அனுப்புங்கள் என்பது பொருள். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இமெயிலும் செய்யலாம். வாட்ஸ்அப்பில் மட்டும் வாக்குவாதம் நடத்த வேண்டாம், கோபத்தில் "பிறகு கட்டுகிறேன்" என்று கை தவறி எழுதிவிடுவோம்.

உரிமை மாற்ற அறிவிப்பு எதற்கு? பேங்குகளும் மற்ற நிறுவனங்களும் வசூலாகாத கடனை இன்னொரு கம்பெனிக்கு விற்பதுண்டு. வாங்கிய கம்பெனி தன் பெயரிலேயே உங்கள் மீது உரிமை கொண்டாட வேண்டுமானால், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 4(3) பிரிவுப்படி அந்த உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், உங்களுக்கும் எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். கடனை விற்காமல் வசூலுக்கு மட்டும் ஆள் வைத்திருந்தால், அவர் அதிகாரக் கடிதம் காட்ட வேண்டும். பேங்க் அனுப்பும் வசூலிப்பாளர் மிரட்டவோ உங்கள் கடனைப் பக்கத்து வீட்டாரிடமும் முதலாளியிடமும் சொல்லிக்கொண்டு திரியவோ பேங்க் நெகாராவின் விதிமுறை இடம் தருவதில்லை. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டுக்குள் புகுந்து பொருளை எடுக்க எந்த வசூலிப்பாளருக்கும் அதிகாரம் கிடையாது. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நுகர்வோர் கடன் சட்டம் கடன் வசூல் நிறுவனங்களையும் கண்காணிப்புக்குள் கொண்டுவருகிறது. இது எப்போதோ வந்திருக்க வேண்டிய சட்டம்.

இறந்துபோன அப்பாவின் கடனைப் பிள்ளைகளிடம் கேட்டுப் போன் செய்பவர்களும் இருக்கிறார்கள். அப்பா விட்டுச் சென்ற சொத்திலிருந்து கேட்கலாம். ஜாமீன் போடாத பிள்ளை தன் சம்பளத்திலிருந்து கட்டக் கடமைப்பட்டவர் அல்ல.

அதே சமயத்தில் அறிக்கையைத் திருத்தவும் மனுச் செய்யுங்கள். 2010ஆம் ஆண்டின் கடன் அறிக்கை நிறுவனங்கள் சட்டம், உங்களைப் பற்றிய தகவலைப் பார்க்கவும் தவறைத் திருத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை தருகிறது. சிடிஓஎஸ் பதிவு என்றால் அவர்களிடமே ஆட்சேபம் தெரிவிக்கும் பாரத்தை நிரப்பி, அடையாளக் கார்டு நகலையும் ஆதாரங்களையும் இணைக்க வேண்டும். அவர்கள் பதிவு செய்த நிறுவனத்திடம் விசாரிப்பார்கள். சரிவரவில்லை என்றால் அந்தச் சட்டத்தின் கீழுள்ள பதிவதிகாரியிடம் புகார் செய்யலாம். சிசிரிஸ் பதிவு என்றால் தகவல் தந்த பேங்கிடம்தான் முதலில் போக வேண்டும். பேங்க் அசையவில்லை என்றால் பேங்க் நெகாராவின் பிஎன்எம்லிங்க் சேவையிடம் முறையிடலாம். போன் பில் விவகாரம் என்றால் அந்தத் தொலைபேசி நிறுவனம், அதற்கு மேல் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்.

உங்கள் கார்டை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் போலீசில் புகார் செய்துவிடுங்கள். எந்த நிலையத்திலும் செய்யலாம், கட்டணம் இல்லை. "அது உன் சித்தப்பா மகன் வேலையாக இருக்கும், போலீசுக்குப் போகாதே" என்று வீட்டில் சொல்வார்கள். சங்கடம்தான். ஆனால் போலீஸ் புகார் இல்லாமல் "நான் கையெழுத்துப் போடவில்லை" என்பதை எந்த நிறுவனமும் காதில் போட்டுக்கொள்ளாது. சத்தியப் பிரமாண ஆணையர் முன் எழுதிக் கொடுக்கும் பிரமாண வாக்குமூலமும் உதவும்.

கடன் உண்மையிலேயே உங்களுடையது என்று தெரிந்தால் பேரம் பேசலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. எவ்வளவு கட்டினால் முழுத் தீர்வு, பதிவு எப்போது மாற்றப்படும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள். கட்டிய பின் முழுத் தீர்வுக் கடிதம் கேளுங்கள். பணம் போகும் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். தனிநபர் கணக்கு எண் கொடுத்தால் போலீசின் செமாக் மியூல் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். மோசடிக்காரரிடம் அனுப்பிவிட்டோம் என்று தெரிந்தால் உடனே 997ஐ அழைக்க வேண்டும். பல பேங்க் கடன்கள் சேர்ந்து கழுத்தை நெரித்தால் ஏகேபிகே இலவசமாகவே ஆலோசனை தருகிறது. பேஸ்புக்கில் "சிடிஓஎஸ் பெயரை அழித்துத் தருகிறோம்" என்று முன்பணம் கேட்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம். தவறான பதிவை நீங்களே செலவில்லாமல் திருத்தலாம். உண்மையான பதிவை அவர்களாலும் அழிக்க முடியாது.

ரவாங் லோரிக்காரருக்கு ஆறு வாரம் கழித்து நகல்கள் வந்தன. 2016இல் ஒரு போன் கடையில் எடுத்த போஸ்ட்பெய்ட் லைன். அவருடைய அடையாளக் கார்டு நகல்தான், ஆனால் கையெழுத்து அவருடையது இல்லை. பாரத்தில் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்து லய முகவரி எழுதியிருந்தது. அவர் குடும்பம் அந்தத் தோட்டத்தை விட்டு வந்தது 2013இல். தண்ணீர், மின்சாரப் பழைய பில்களை மனைவி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அந்த பில்கள், போலீஸ் புகார், பழைய கையெழுத்துள்ள சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஒன்றாகக் கட்டி அனுப்பினார்கள். தொலைபேசி நிறுவனம் கணக்கை ரத்துச் செய்தது, பதிவும் நீங்கியது. பார்த்து வைத்திருந்த கார் அதற்குள் வேறொருவருக்கு விற்றுப்போயிருந்தது. மூன்று மாதம் கழித்து வேறொன்று வாங்கினார். இப்போது யாருக்கு ஐசி நகல் கொடுத்தாலும் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதித்தான் கொடுக்கிறாராம்.